கர்த்தர், ஆண்டவர், யேகோவா, சர்வேசுரன்: வேதத்தில் கடவுளின் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் ஒரே சாலையில் கத்தோலிக்க ஆலயம், சி.எஸ்.ஐ. ஆலயம், இரட்சணிய சேனைக் கூடம், பெந்தெகொஸ்தே சபை எல்லாம் இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டார் ‘கர்த்தர்’ என்பார்கள், பெண் வீட்டார் ‘ஆண்டவர்’ என்பார்கள், உள்ளறையில் இருக்கும் பாட்டி ‘சர்வேசுரா’ என்பார். ஞாயிறு பள்ளியிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் பிள்ளைகளும் பெரியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்று நான் சொல்வது சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிக்கும் வேதாகமம். ‘பொது மொழிபெயர்ப்பு’ என்பது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம்.

படிக்குமுன் ஒன்று. இந்தப் பெயர்களில் பல, யாரோ ஒருவர் ஓர் இக்கட்டில் நின்று கூப்பிட்டவை. அந்த இக்கட்டைப் படிக்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பொருள் வேதத்திலேயே தங்கிவிடும்.

கர்த்தர், ஆண்டவர் இரண்டும் ஒன்றுதானா?

எந்த வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எபிரேய வேதத்தில் கடவுளைக் குறிக்க மூன்று சொற்கள் அதிகம் வரும். ஒன்று, நான்கு எழுத்துகளால் ஆன அவருடைய சொந்தப் பெயர். இரண்டாவது, ‘ஏலோகிம்’ என்ற பொதுப்பெயர். மூன்றாவது, ‘என் தலைவர்’ என்ற பொருளுள்ள ‘அதோனாய்’. பழைய மொழிபெயர்ப்பு இவற்றை முறையே கர்த்தர், தேவன், ஆண்டவர் என்கிறது. பொது மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஆண்டவர், கடவுள், தலைவர் என்கிறது.

ஆக, ‘ஆண்டவர்’ என்ற சொல் இரண்டு வேதாகமங்களிலும் இருக்கிறது, ஆனால் அடியில் இருக்கும் எபிரேயச் சொல் வேறு. எசேக்கியேலில் ‘கர்த்தராகிய ஆண்டவர்’ என்று சி.எஸ்.ஐ. வீட்டில் வாசிப்பதை, கத்தோலிக்க வீட்டில் ‘தலைவராகிய ஆண்டவர்’ என்று வாசிப்பார்கள். முதல் வரியில் ‘ஆண்டவர்’ என்பது அதோனாய். இரண்டாவதில் அதே சொல் கடவுளின் சொந்தப் பெயருக்கு நிற்கிறது. நம்மூரில் இரண்டு சபையாரும் சேர்ந்து வேதம் படிக்கும்போது எழும் குழப்பத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது.

அந்தச் சொந்தப் பெயர் என்ன? எப்படி உச்சரிப்பது?

யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்துகள். எபிரேய வேதத்தில் சுமார் 6,800 இடங்களில் வருகிறது, வேறெந்தப் பட்டத்தையும்விட அதிகம். வேதத்துக்கு வெளியேயும் கிடைத்திருக்கிறது: 1868-இல் இன்றைய ஜோர்தானில் கண்டெடுத்த மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டில், இஸ்ரவேலரின் கடவுளுடைய பெயராக இதே நான்கு எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தக் கல் கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

பழைய எபிரேய எழுத்தில் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதினார்கள். இந்தப் பெயரைப் பொதுவில் சொல்லும் வழக்கமும் காலப்போக்கில் நின்றுபோனது. பாவநிவாரண நாளன்று தலைமைக் குரு எருசலேம் ஆலயத்தில் இதை உச்சரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த மக்கள் முகங்குப்புற விழுந்தார்கள் என்று யூத மரபு நூலாகிய மிஷ்னா சொல்கிறது. கி.பி. 70-இல் ஆலயம் இடிக்கப்பட்டது. இன்றுவரை யூதர்கள் வேதம் வாசிக்கும்போது இந்த எழுத்துகள் வந்தால் ‘அதோனாய்’ என்றே வாசிக்கிறார்கள், சாதாரணப் பேச்சில் ‘அந்தப் பெயர்’ என்ற பொருளில் ‘ஹஷேம்’ என்கிறார்கள். கணவன் பெயரை வாயால் சொல்லாத நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரியாதை சில நேரம் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அப்படியானால் ‘யேகோவா’ எங்கிருந்து வந்தது?

கி.பி. முதல் ஆயிரத்தின் பிற்பகுதியில் யூத வேத எழுத்தர்கள் மெய்யெழுத்துகளோடு உயிர்க்குறிகளைச் சேர்த்தார்கள். இந்தப் பெயர் வரும் இடங்களில், ‘அதோனாய்’ என்று வாசிக்க வேண்டும் என்பதை நினைவூட்ட அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இட்டார்கள். பிற்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்ததால் பிறந்த வடிவம் ‘யேகோவா’. பழைய உச்சரிப்பு ‘யாவே’ என்பதற்கு நெருங்கியதாக இருந்திருக்கும் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்போ இத்தனை வருஷம் நாங்க ஜெபிச்சது தப்பா?’ என்று ஓர் அம்மா கண்கலங்கக் கேட்டார். இல்லை. யாரைக் கூப்பிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மலையாள வேதாகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘யஹோவ’ என்று இருக்கிறதே?

விளவங்கோடு, களியக்காவிளைப் பக்கம் இரண்டு மொழியிலும் வாசிக்கிறவர்கள் கேட்பது. மலையாளப் புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு அந்த நான்கெழுத்துப் பெயரை அப்படியே ‘யஹோவ’ என்று வைத்துக்கொண்டது. 23-ஆம் சங்கீதம் அங்கே ‘யஹோவ என்டெ இடயனாகுன்னு’ என்று தொடங்கும். தமிழில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’. மலையாளக் கத்தோலிக்க வேதாகமமோ ‘கர்த்தாவு’ என்கிறது. எனவே மார்த்தாண்டத்தில் மலங்கரைக் கத்தோலிக்கர் ஒருவர் மலையாளத்தில் ‘கர்த்தாவு’ என்றால், அவர் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டின் சொல்லைச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அது அவருடைய சொந்தச் சபைச் சொல்.

தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பிலும் சில இடங்களில் ‘யேகோவா’ உண்டு: யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18.

கத்தோலிக்கப் பூசைப் பாடல்களில் ‘யாவே’ வரக்கூடாது என்கிறார்களே?

2008-இல் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் அப்படி அறிவுறுத்தியது. அந்தப் பெயருக்குப் பதில் ‘ஆண்டவர்’ என்று சொல்வதே தொன்றுதொட்ட வழக்கம் என்பது காரணம். தனிப்பட்ட படிப்புக்கு அந்தத் தடை இல்லை.

‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்றால் என்ன?

யாத்திராகமம் 3-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். மோசே ஆடு மேய்க்கிறான். எகிப்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார் கடவுள். ‘நான் எம்மாத்திரம்?’ என்று தயங்குகிறான். ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்கிறார். பெயர் என்னவென்று கேட்டால் மக்களுக்கு என்ன சொல்வேன் என்கிறான். அதற்குத்தான் இந்தப் பதில்.

எபிரேயத்தில் இது ‘எஹ்யே அஷேர் எஹ்யே’. ‘எஹ்யே’ என்ற வினை நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் இடங்கொடுக்கும்: இருக்கிறேன், இருப்பேன். இரண்டு வசனத்துக்கு முன் ‘உன்னோடே இருப்பேன்’ என்று வந்ததும் இதே ‘எஹ்யே’தான். தத்துவம் படித்தவர்கள் இதில் ‘என்றும் உள்ள மெய்ப்பொருள்’ என்ற கருத்தைக் கண்டார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பு அதற்கு வழி திறந்தது, பொது மொழிபெயர்ப்பின் ‘இருக்கின்றவர் நானே’ என்பதும் அந்த வழியில் வருகிறது. அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் செங்கல் சூளையில் அடிவாங்கிக்கொண்டிருந்த அடிமைகளுக்கு இந்தப் பெயர் சென்றது. ‘உங்களோடு இருப்பேன்’ என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யோவான் 8:58-இல் ‘ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்’ என்று இயேசு சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் கல்லெடுத்ததற்குக் காரணம், அந்தப் பெயரின் ஒலி அவர்கள் காதில் விழுந்ததுதான் என்பது கிறிஸ்தவ விளக்கம்.

ஏலோகிம் பன்மைச் சொல் என்கிறார்கள். கடவுள் பலரா?

வடிவம் பன்மை. ஆனால் இஸ்ரவேலின் கடவுளைக் குறிக்கும்போது பெரும்பாலும் வினை ஒருமையில் வரும். ஆதியாகமம் 1:1-இல் ‘படைத்தார்’ என்ற எபிரேய வினை ஒருமை. பிற தெய்வங்களைச் சொல்லும்போது அதே சொல் உண்மையான பன்மையாக நிற்கும். தமிழிலும் ‘அவர்’ என்பது ஒருகாலத்தில் பலர்பால் சொல்லாக இருந்து, இன்று ஒருவரை மதித்துச் சொல்லும் சொல்லாகியிருக்கிறது. ‘நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக’ என்பதை, வான சபையிடம் கடவுள் பேசியதாக யூத விளக்கவுரைகள் சொல்லும். திரித்துவத்தின் நிழலாகக் கிறிஸ்தவர் பலர் காண்கிறார்கள்.

எங்க வீட்டு வாசலில் ‘யேகோவா யீரே’ என்று போட்டிருக்கிறோம். என்ன பொருள்?

‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’. வீட்டிலும் வேனிலும் கடைப்பலகையிலும் நம் மாவட்டத்தில் இதைப் பார்க்காத நாள் கிடையாது. நல்ல பெயர்தான். ஆனால் ஆதியாகமம் 22:14-இல் இது ஓர் இடத்தின் பெயர். மகனைப் பலியிடக் கையை ஓங்கிய தகப்பன், புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவைக் கண்டபின் அந்த மலைக்கு இட்ட பெயர். அதைப் பணத்தேவை மட்டும் தீரும் வாக்காகச் சுருக்கினால், ஈசாக்கோடு மலையேறிய அந்த மூன்றாம் நாளின் பாரம் முழுவதும் காணாமல் போகிறது.

இதே வகையில் வருபவை இன்னும் உண்டு. ‘யேகோவா நிசி’ (கர்த்தர் என் கொடி) அமலேக்கியரோடு போர் முடிந்தபின் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். ‘யேகோவா ஷாலோம்’ (கர்த்தர் சமாதானம்) பயந்து நடுங்கிய கிதியோன் கட்டிய பலிபீடம். ‘யேகோவா ஷம்மா’ (கர்த்தர் அங்கே இருக்கிறார்) பாபிலோனில் நாடுகடந்து வாழ்ந்த எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரம், நூலின் கடைசி வரியில் வருகிறது. ஷம்மா தவிர மற்றவை எல்லாம் நடந்ததை மறக்காமலிருக்க இட்ட பெயர்கள். ‘ஏழு நாமங்கள்’ என்று அட்டையில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் எழுதி, இத்தனை முறை சொல்லுங்கள் என்று கொடுப்பதை நான் ஏற்பதில்லை. வேதம் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. வாசலில் எழுதியிருப்பதை அழிக்க வேண்டாம். அந்த அதிகாரத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், போதும்.

எபெனேசர்?

கடவுளின் பெயர் அல்ல. சாமுவேல் நாட்டிய கல்லின் பெயர், ‘உதவியின் கல்’ (1 சாமுவேல் 7:12).

அப்படியானால் கடவுளுக்கே நேராக யாராவது பெயர் வைத்தார்களா?

வைத்தாள், ஒரு பெண். ஆகார். எகிப்திய அடிமை, கர்ப்பிணி, எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடியவள். நீரூற்றின் அருகே தன்னோடு பேசியவருக்கு ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று பேரிட்டாள் (ஆதியாகமம் 16:13). எபிரேயத்தில் ‘ஏல் ரோயி’. வேதத்தில் முதன்முதலாகக் கடவுளுக்குப் பெயர் சூட்டியவர் ஒரு குலபதியோ குருவோ அரசனோ அல்ல. வீட்டுவேலைக்குப் போன இடத்தில் அவமானப்பட்டு, திரும்பிவர வழியில்லாமல் நிற்கும் பெண்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மற்ற பட்டங்களுக்கு முன் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இந்தப் பெயர்தான்.

‘சர்வவல்லவர்’ என்கிறோம். பிறகு ஏன் சுனாமி வந்தது?

எபிரேயத்தில் ‘ஏல் ஷத்தாய்’. சொல்லின் வேர் பற்றிப் பல கருத்துகள்: மலையைக் குறிக்கும் அக்காதியச் சொல்லோடு தொடர்புடையது என்பர் சிலர், தாய்மார்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர், ‘போதுமானவர்’ என்று யூத ரபிமார் விளக்கினர். ‘எல்லாம் வல்லவர்’ என்பது பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் வழியாக நமக்கு வந்தது.

ஆபிரகாமுக்கு 99 வயதில் வாக்குறுதி கிடைத்தபோது இந்தப் பெயர் ஒலித்தது (ஆதியாகமம் 17:1). அதோடு நிற்கவில்லை. ஷத்தாய் என்ற சொல் எபிரேய வேதத்தில் வரும் 48 இடங்களில் 31 யோபு நூலில் உள்ளன. பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் இழந்தவன் வழக்காடும் நூல் அது. கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்து ஊர் திரும்பிய நகோமி, ‘சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்’ என்றாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை.

2004 டிசம்பர் 26-இல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பிள்ளைகளைப் புதைத்தவர்களும், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர் திரும்பாமல் கரையில் காத்து நின்றவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ‘ஏன்’ என்பதற்கு இந்தப் பட்டம் பதில் தருவதில்லை. நகோமியைப் போல அந்தப் பெயரை எடுத்தே முறையிடலாம், அதுவும் ஜெபம்தான் என்று காட்டுகிறது. துக்க வீட்டில் போய் ‘சர்வவல்லவர், நம்புங்கள்’ என்று பாடம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து ரூத் முதல் அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

சேனைகளின் கர்த்தர் என்றால் போர்க் கடவுளா?

போர்க்களத்திலும் வரும். கோலியாத்தை எதிர்க்கும் தாவீது சொல்கிறான். ஆனால் வேதத்தில் இந்தப் பட்டத்தை முதலில் ஜெபத்தில் சொன்னவள் பிள்ளையில்லாத அன்னாள் (1 சாமுவேல் 1:11). சேனை என்பது வானதூதரையும் விண்மீன்களையும் சேர்த்தே குறிக்கும். பொது மொழிபெயர்ப்பில் ‘படைகளின் ஆண்டவர்’.

பாட்டி ‘சர்வேசுரன்’ என்கிறார். பழைய கீர்த்தனையில் ‘பராபரன்’ வருகிறது. இவை வேதத்தில் உண்டா?

ஒரு காலத்தில் இருந்தன. தரங்கம்பாடியில் 1714-15-இல் அச்சான புதிய ஏற்பாட்டைத் தந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு காலத்தில் ‘சர்வேசுரன்’ வழங்கியது. கத்தோலிக்கரிடம் அது நிலைத்தது: ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று முட்டம், கடியபட்டணம் பக்கத்து மூத்தோர் செபமாலையில் கேட்கலாம். பிறகு வந்த மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு ‘பராபரன்’ என்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவர் ஐயர் தலைமையில் வந்த திருத்தம் ‘தேவன்’ என்றாக்கியது. பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’. நான்கும் நம் மண்ணில் ஏற்கெனவே வழங்கிய சொற்கள். பாட்டியைத் திருத்த வேண்டாம்.

நம்மூர்ப் பெயர்களில் கடவுளின் பெயர் மறைந்திருக்கிறதாமே?

ஆமாம். டானியேல், சாமுவேல், மிக்கேல், இம்மானுவேல் ஆகியவற்றின் முடிவில் இருப்பது கடவுளைக் குறிக்கும் ‘ஏல்’. ஏசாயா, எரேமியா, எலியா ஆகியவற்றின் ‘யா’ நான்கெழுத்துப் பெயரின் சுருக்கம், ‘அல்லேலூயா’விலும் அதுவே. எலியாவில் இரண்டும் உண்டு: ‘என் கடவுள் யா’. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் உயிர்நீத்த தேவசகாயம், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருமுழுக்கில் அவருக்கு இட்ட பெயர் லாசர். ‘எலெயாசார்’ என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் அது, ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். அதைத் தமிழாக்கியதுதான் தேவசகாயம்.

கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயரா?

இல்லை, பட்டம். எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து, இரண்டுக்கும் ‘எண்ணெய் வார்க்கப்பட்டவர்’ என்று பொருள். அரசர்களையும் குருக்களையும் அப்படி அபிஷேகம் செய்தார்கள். ஏசாயா 45:1 பாரசீக அரசன் கோரேசையே அபிஷேகம் பெற்றவன் என்கிறது. மேசியா ஒரு மனித அரசர் என்பதே யூத எதிர்பார்ப்பு.

மனுஷகுமாரன் என்றால் மனிதத் தன்மை, தேவகுமாரன் என்றால் தெய்வத் தன்மை. சரிதானே?

அவ்வளவு நேரானதல்ல. எசேக்கியேலில் ‘மனுபுத்திரனே’ என்று 90-க்கும் அதிகமான முறை தீர்க்கதரிசி அழைக்கப்படுகிறார், அங்கே வெறும் மனிதன் என்பதே பொருள். தானியேல் 7:13-இலோ மனுஷகுமாரனைப் போன்றவர் வானத்து மேகங்களோடு வந்து அழியாத ஆட்சியைப் பெறுகிறார். நற்செய்திகளில் இயேசு தம்மைப் பற்றி அதிகம் சொன்னது இந்தப் பட்டத்தைத்தான். ‘தேவனுடைய குமாரன்’ என்பதோ பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேல் மக்களுக்கும் (யாத்திராகமம் 4:22) தாவீதின் வழிவந்த அரசனுக்கும் (2 சாமுவேல் 7:14) வழங்கியது. புதிய ஏற்பாட்டில் அது ஆழம் கூடுகிறது.

புதிய ஏற்பாட்டில் இயேசுவையும் ‘கர்த்தர்’ என்கிறார்களே?

அங்கே மூலம் கிரேக்கம், சொல் ‘கிரியோஸ்’. ‘ஐயா’ என்ற அளவிலும் வரும்: கிணற்றடியில் சமாரியப் பெண் இயேசுவை அழைக்கும் சொல் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆண்டவரே’, பொது மொழிபெயர்ப்பில் ‘ஐயா’. எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் நான்கெழுத்துப் பெயருக்கும் இதே சொல்லை வாசித்தார்கள். எனவே யோவேல் 2:32-இல் அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னதை ரோமர் 10:13-இல் பவுல் இயேசுவுக்குச் சொல்லும்போது, அது மரியாதைச் சொல்லாக நிற்கவில்லை. யூதர்கள் ஏற்க முடியாததும் கிறிஸ்தவர்கள் விட முடியாததும் இந்த இடம்தான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில், கிரேக்க மூலத்தில், ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல் அப்படியே நிற்கிறது. ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பாலஸ்தீன யூதக் கிறிஸ்தவர்களின் வாயிலேயே பிறந்த ஜெபம் அது.

‘அப்பா, பிதாவே’ என்பதில் உள்ள ‘அப்பா’ தமிழா?

அரமேயம். ஒலி ஒத்துப்போனது தற்செயல். குழந்தைகள் மட்டும் சொன்னது அல்ல, வளர்ந்த மகன்களும் அப்படித்தான் அழைத்தார்கள். மாற்கு 14:36-இல் கெத்செமனேயில், சாவுக்கு முந்திய இரவில் வருகிறது.

அல்பாவும் ஓமெகாவும்?

கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகள். பொது மொழிபெயர்ப்பு ‘அகரமும் னகரமும் நானே’ என்கிறது. தமிழ் எழுத்துகளை அகரம் முதல் னகரம் வரை என்று எண்ணுவது நம் இலக்கண மரபு. மிக அழகான மொழிபெயர்ப்பு.

அல்லாஹ் என்பதற்கும் ஏலோகிமுக்கும் தொடர்பு உண்டா?

ஒரே மொழிக்குடும்பத்துச் சொற்கள். அரபு பேசும் கிறிஸ்தவர்களின் வேதாகமத்திலும் ‘அல்லாஹ்’ என்றே இருக்கும்.

எபிரேயம் தெரியாமல், என் வேதாகமத்தில் எந்தப் பெயர் நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஏற்பாட்டில் மட்டும் இது உதவும். பழைய மொழிபெயர்ப்பில் ‘கர்த்தர்’ என்றிருந்தால் அநேகமாக நான்கெழுத்துப் பெயர், ‘தேவன்’ என்றால் ஏலோகிம் அல்லது ஏல், ‘ஆண்டவர்’ என்றால் அதோனாய் அல்லது அதன் இனச் சொல். பழகிப் பார்க்க 110-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’ என்று ஒரு வேதாகமத்திலும், ‘ஆண்டவர் என் தலைவரிடம்’ என்று மற்றதிலும் இருக்கும். இரண்டையும் மேசைமேல் விரித்து, வீட்டில் இரண்டு சபையார் இருந்தால் ஆளுக்கொன்றை வாசிக்கச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் ‘ஆண்டவர்’ மற்றவரின் ‘கர்த்தர்’ என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.